அக்கா அச்சேற்றாத நூல்

தவமலர் அக்காவின் தங்கைதான் புத்தூரிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாய்ஞ்சவ, பிறகு எழும்பேல்லை." நான் அழத் தொடங்கிவிட்டேன். கடைசியில் அவரே என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று.

செத்தவீட்டில் பலர் பேசினார்கள். சமூகவியல் படித்து, கணவரிடம் அடிவாங்கும் பெண்களின் கதையை வீடு வீடாகப் போய்க் கேட்ட முதல் பெண்களில் ஒருவர் என்று புகழ்ந்தார்கள். ஒருவர் மட்டும், "இவ்வளவு உழைத்தும் ஒரு நூல்கூட எழுதாமல் போய்விட்டார்" என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் தலை நிமிரவில்லை. அக்காவை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நூல் எழுதப்பட்டது. அது நின்றுபோனது என்னால்.

நாங்கள் இருவரும் ஒரே துறையில் விரிவுரையாளர்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போவோம். ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் மறித்தார். "பிள்ளையள், உதெல்லாம் வீட்டுக்குள்ளை இருக்கவேண்டிய கதை."

"ஓம் ஐயா, அதுதான் வீட்டுக்குள்ளை வந்து கேக்கிறம்" என்றபடி அக்கா செருப்பைக் கழற்றினார். அவரும் வழிவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். ஒருநாள் ஒரு பெண்ணின் வீட்டில் அவர் வாசித்தது, அந்த நூலுக்கு நான் எழுதிய அத்தியாயம். பெயரை மாற்றியிருந்தேன். தொழிலையும் வீடு இருந்த இடத்தையும் அப்படியே விட்டிருந்தேன். நாலு வரி வாசிப்பதற்குள் அந்தப் பெண் தாளைக் கையால் மூடினார். "ரீச்சர், உது நான்தான் எண்டு ஊருக்கே விளங்கும். அவர் அறிஞ்சா என்னை உயிரோடை விடமாட்டார்."

அக்கா தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "உது வெளியிலை வராது தங்கச்சி. பயப்பிடாதையுங்கோ."

திரும்பும் வழியெல்லாம் நான் மன்றாடினேன். "விபரத்தை எடுத்துப்போட்டு அச்சடிப்பம் அக்கா."

"எடுத்தா என்ன மிஞ்சும்? மற்றவையின்ரையும் உப்பிடித்தானே எழுதிக் கிடக்கு. எங்களை நம்பிக் கதைச்சவை. விடும்."

என் பிழை என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பதவி உயர்வு நேர்முகத்தில் நூல் எங்கே என்று கேட்டார்களாம். "நான்தான் முடிக்கேல்லை" என்றாராம். அவர் பேராசிரியர் ஆகாமலே ஓய்வு பெற்றார். நான் ஆனேன். மன்னிப்புக் கேட்கவென்று எத்தனை தரம் போயிருப்பேன்! ஒவ்வொரு தரமும் தேத்தண்ணி தந்து, வேறு கதை கதைத்து அனுப்பிவிடுவார். இனிக் கேட்பதற்கு ஆளில்லை.

அந்தப் பெண் இன்றும் உயிரோடு இருக்கிறார். எந்த ஊர், என்ன தொழில் என்று இங்கும் நான் எழுதவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.