அக்கரைக்குப் போகாத அம்மா

எங்கள் அம்மா போய் ஓராண்டு ஆகிறது. மூத்தவள் நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். மனசு மரத்துக் கிடக்கிறது. சொல்லில் குறை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது பாகூர் பக்கம். வாழ்க்கைப்பட்டது சங்கராபரணி ஆற்றுக்கு அக்கரையில். அப்பா காலமான அடுத்த மழையிலேயே ஆறு எங்கள் தெருவை வாரிக்கொண்டு போனது. என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு இக்கரை மேட்டில் ஏறி, முள்ளை வெட்டி முதல் குடிசையைப் போட்டவர் அம்மா. பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்தது. கரும்பு வெட்டப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இத்தனை வீடுகள் வந்தும் அரசுக் கணக்கில் இது ஊர் இல்லை, புறம்போக்கு. எங்கள் ஆட்களும் "ஊருக்குப் போறேன்" என்றால் அக்கரையைத்தான் சொல்வார்கள். சாவு விழுந்தாலும் பாலம் சுற்றி அங்கேதான் கொண்டுபோவோம். காலி செய்யச் சொல்லி அளக்க வந்தவர்கள், "செத்தா கூட அங்கதான எடுத்துனு போறீங்க? அப்புறம் இது எப்பிடி ஒங்க ஊரு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "என்ன அக்கரைக்குத் தூக்காதீங்கடி. இங்கியே பொதைங்க. அப்பதான் யாரும் ஒங்கள கெளப்ப மாட்டாங்க."

அம்மா கண் மூடியதும் அக்கரையிலிருந்து பெரியப்பா வந்து சத்தம் போட்டார். "இன்னாடி இது அநியாயம்? எந்தம்பி பக்கத்துல ஒங்கம்மாவுக்குன்னு எடம் வுட்டு வச்சிருக்கோம். புருசன வுட்டுட்டு இங்க தனியாவா கெடக்கும்?"

பெரியப்பா சொன்னதில் தப்பில்லை. அப்பா பக்கத்தில் போய்ச் சேரத்தான் அம்மாவுக்கும் ஆசை. எனக்குத் தெரியும். "அம்மா சொன்னபடிதான் பெரியப்பா" என்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மேட்டில் குழி வெட்டிய எங்கள் தெரு அண்ணன்மார்களுக்கும், எங்களுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஞானம்மா அக்காவுக்கும், கோபித்துக்கொண்டாலும் முதல் பிடி மண் போட்ட பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அளக்க வந்தவர்கள் இதுவரை திரும்பி வரவில்லை. வருவார்களா, தெரியாது.

மண் தள்ளி முடித்த அன்று எதிர் வீட்டுச் சித்தப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணிய தனியா வுட்டுட்டு நான் மட்டும் அக்கரைக்குப் போவேனா? எனக்கும் இங்கியே வெட்டுங்கடா" என்றார்.

போன மாதம் அவரும் காலமானார். எங்கே கொண்டுபோவது என்று யாரும் கேட்கவில்லை.