தொலைபேசி நிலையத்தின் மாடி ஜன்னல்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விடுமுறை வந்தால் பழைய ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கட்டடங்களைத் தேடிப் போவாள். தண்ணீர் பம்ப் அறை, குடோனின் பின்சுவர், பஸ் டிப்போவின் கழிப்பறை. எல்லாம் கறுப்பு வெள்ளை. எதிலும் ஆள் இருக்காது. யாராவது குறுக்கே வந்தால், அவர்கள் போகும்வரை காத்திருப்பாள்.

"கல்யாண வீட்டுல நாலு போட்டோ எடுன்னா உனக்குக் கை வராது. காரை பேந்த சுவரைக் கண்டா மட்டும் மணிக்கணக்கா நிப்பே" என்று தங்கை ஃபோனில் கேலி செய்வாள். அம்மா இறந்த பிறகு, அவள் தனியாக இருந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அந்த ஃபோன்தான்.

அப்போது, மூடிக் கிடந்த தொலைபேசி நிலையம் ஒன்றைச் சில வாரங்களாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் போட உட்கார்ந்தாள். மருந்துத் தட்டில் கட்டடம் மெல்ல எழுந்து வந்தது. மாடி ஜன்னலில் ஒரு முகம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விடுமுறையில் போய் கேட்டைத் தட்டினாள். இறங்கி வந்தவர் அங்கே தனியாகக் காவலுக்கு இருந்த வாட்ச்மேன். படத்தை நீட்டினாள்.

"இது நீங்களா?"

அவர் அதை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "நான்தாம்மா. இந்த மூக்கு வேற யாருக்கு இருக்கு?"

"உள்ளே ஆள் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"நீங்க வர்றப்பெல்லாம் பாத்துட்டுதான் இருப்பேன். கூப்பிடலாம்னு தோணும். பயந்துட்டீங்கன்னா அப்புறம் வரவே மாட்டீங்களே, அதான் சும்மா இருந்துட்டேன்."

அவளுக்கு என்னவோ போலிருந்தது. "ஒரு படம் எடுக்கட்டுமா? கிட்டத்துல?" என்றாள்.

அவர் உள்ளே ஓடித் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். ஒரு மனிதரை எப்படி நிற்கச் சொல்வது? எக்ஸ்ரே அறையில் தினமும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

பிடித்தார். கன்னம் உப்பியது. "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டுவிட்டுப் பொத்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் எடுத்தாள். படம் லேசாக ஆடிப்போயிருந்தது.

அதைக் கொடுக்கப் போனபோது கேட்டில் வேறொருவர் நின்றார்.

"அவரை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. எங்கேன்னு தெரியலைங்க. பேர் என்ன சொன்னீங்க?"

பேரை அவள் கேட்டிருக்கவில்லை.

படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் போய் நின்றாள். வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. ஏறாமல், படத்தை வெளியே எடுத்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்ததில் போனாள்.