சின்னத்தைக்கு எடுத்த அரக்குப் புடவை

திருத்தணி பஜாரில் மூன்று மாடியில் ஒரு ஜவுளிக்கடை நிற்கிறதே, அது என்னுடையது. எதிரில் சின்னதாக இருப்பதும் என்னுடையதுதான். அரக்கோணத்தில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிற கிளைக்கடையை நான் கட்டியபோது, ரயிலுக்கு ஓடுகிறவன் நின்றா புடவை வாங்குவான் என்று சிரித்தார்கள். இப்போது ரயிலை விட்டுவிட்டு வாங்குகிறார்கள். அஸ்திவாரம் தோண்டினால் பாறை வந்தது. வெடி வைக்காமல் ஆளை வைத்தே உடைத்தேன். முதல் தளம் போட்ட வருஷம் ஐப்பசி மழை சுவரைத் தின்றது. மறுபடி எழுப்பினேன். என் படிப்பு அஞ்சாவது. பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டது. பிறந்த வீட்டில் இருந்ததெல்லாம் இரண்டு குழித்தறியும் அவற்றின் மேல் ஒழுகுகிற கூரையும்தான். நான் போட்ட முதல், என் கண். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

ஒரு பெண் மழைக்கும் பனிக்கும் புடவை எடுக்க வந்தால் நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகத்தில் பவுடர் இருக்கும். "கையத் திருப்பும்மா" என்பேன். உள்மணிக்கட்டில் பொய் நிற்காது. புடவை முனையை அதன்மேல் போட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் எந்த நிறமும் யாருக்கும் பொருந்திவிடும். ஐப்பசி பிறந்து மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டால், வெளிச்சம் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் சந்தனமும் எலுமிச்சையும் கறுத்த உடம்பில் சாம்பல் பூசும். கறுத்தவர்களுக்கு அரக்கு, கடுகு, கத்தரிப்பூ. மாநிறத்துக்கு மயில்கழுத்து. சிவந்த உடம்புக்கு எதுவும் சரி என்று நினைப்பார்கள். குளிர்காலத்தில் வெளிர்நீலத்தைக் கட்டச் சொல்லுங்கள், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி நிற்பாள்.

இதை எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பத்து வயதில் மாமாவோடு புடவை மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது எனக்கே தெரிந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுத் தறியில் விழுகிற புடவைகளை விற்பது அவர் வேலை. அவருக்கு எல்லாப் பெண்களும் ஒரே நிறம். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை நடத்திய ஒரு அம்மாவிடம் எலுமிச்சை நிறத்தைப் பிரித்துப் போட்டு, "உனக்கோசரமே நெஞ்சது தாயி" என்றார். நான் குறுக்கே விழுந்தேன்.

"வேணாங்க. அத்த கட்டினா ஜொரம் வந்தவங்க மாதிரி இருப்பீங்க."

"இன்னாடா பொடியா, வாயப் பாரு! உங்க ஊட்ல இப்பிடித்தான் யாவாரம் பண்ணுவீங்களா?" என்றார் அந்த அம்மா.

நான் கத்தரிப்பூவை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். அந்த அம்மா கையைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து அவரையும் பார்க்க வைத்தார். வாங்கிவிட்டார். திரும்பி நடக்கும்போது மாமா, "நீ கொளந்தையாடா? குட்டிச்சாத்தான்" என்றார். அதை நான் இன்றைக்கும் பட்டமாகத்தான் வைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் கார்த்திகையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கார்த்திகை போனால் மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை வரைக்கும் காத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். சொல்வதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருஷம் அக்காவுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி முறிந்துபோயிருந்தது. முறித்தது சின்னத்தை என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; சின்னத்தை அவருடைய கடைசித் தங்கை. கல்யாணமாகாமலே, ஒரு அடைமழை நாளில் தண்ணீர் சேந்தப் போனவள், கொல்லைக் கிணற்றில் போய்விட்டாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது.

எங்கள் பக்கத்தில் இப்படிச் சின்ன வயதில் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்கு. தண்ணீரிலிருந்து அவளைக் குடத்தில் அழைத்து வந்து, பூச்சுற்றி, புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் யார்மேலாவது இறங்கிச் சரி என்று சொன்னால்தான் தாலி. முந்தைய வருஷம் மஞ்சளில் மெல்லிய மல் புடவை ஒன்றை வைத்தார்கள். விளக்கு சாயவில்லை, காற்றும் இல்லை. புடவையின் முனை மட்டும் கருகியது. யார்மேலும் அவள் வரவில்லை. அடுத்த வாரம் சம்பந்தம் முறிந்தது. அதிலிருந்து கொல்லைக் கிணற்றடிக்கு அக்கா தனியாகப் போவதில்லை.

இந்த வருஷமும் நைனா மஞ்சளில் மெல்லிய புடவையைத்தான் வாங்கி வந்தார். சாமிக்கு மஞ்சள், அதில் என்ன யோசனை. மத்தியானமே பம்பைக்காரர் வந்துவிட்டார். மழை விட்டிருந்தது. ஆனால் மலையில் பாதி மேகத்துக்குள் இருந்தது, காற்று ஊசி மாதிரி இறங்கியது. அம்மா கிணற்றடியில் குடத்தை இறக்கினாள். பம்பைக்காரர் பம்பையை அடித்து வர்ணித்தார், வாம்மா, உன் வீட்டுக்கு வாம்மா என்று. குடம் ஏறும்போது கயிறு இரண்டு ஆள் பாரம் இழுத்தது. நானும் பிடித்தேன், அதனால் சொல்கிறேன்.

குடம் வீட்டுக்குள் வந்து, பூச்சுற்றி, மஞ்சள் புடவையை எதிரில் வைத்தார்கள். பம்பை வேகமெடுத்தது. கூடத்தில் அசைந்தவர்கள் யாருமில்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் தறி அறையிலிருந்து வந்தது.

அங்கே இருந்தவள் அத்தை. நைனாவின் நடுத் தங்கை. புருஷன் போய் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். நல்ல காரியத்தில் எதிரில் வரக்கூடாது என்று அவளே தறி அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். விடியற்காலையிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு நெய்கிறவள். அம்மா கட்டிக் கிழித்து வெளுத்த புடவைகள் அவளுக்கு. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், அவள் பல் அடிக்கிற சத்தம் தறியில் ஓடுகிற நாடாவின் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

அவள் கதவில் வந்து நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. புடவைக் கொசுவத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. குடம் வந்தபோது அவள் கிணற்றுப் பக்கமே வரவில்லை. குரல் அவள் குரலே இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"கொக்கண்ணா."

நைனாவுக்கு நீளக் கால். சின்னத்தை அவரை அப்படித்தான் கூப்பிடுவாளாம். அவள் போனதிலிருந்து அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருது கொக்கண்ணா. தண்ணிக்குள்ள எத்தினி நாளா கெடக்கறன். ஈரத்துணி மேலயே இன்னொரு ஈரத்துணி மாதிரி ஒண்ண வெச்சிகினு கீறீங்களே."

பம்பைக்காரர்தான் பேசினார். "இன்னா வேணும் தாயே? சொல்லு, எடுத்து வெச்சிடறோம்."

"கெட்டியா வேணும். என் ஒடம்புக்கு எடுக்கற நெறமா வேணும். பொழுது சாயறதுக்குள்ள வேணும்." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "இல்லன்னா இவளும் கட்ட மாட்டா."

அக்கா அழ ஆரம்பித்தாள். மாமா ஓடிப் போய் மூட்டையைக் கொண்டு வந்து கூடத்தில் அவிழ்த்தார். எதை எடுப்பது? சின்னத்தை என்ன நிறம் என்பதிலேயே சண்டை வந்துவிட்டது.

"செவசெவன்னு இருப்பா" என்றார் நைனா.

"மாநெறந்தாங்க, உங்களுக்கு எல்லாம் மறந்து பூட்ச்சி" என்றாள் அம்மா.

"கறுப்புதான் பாவா, எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்றார் மாமா. நைனா அவரை முறைத்தார். எங்கள் வீடுகளில் செத்துப்போன பெண்கள் வருஷத்துக்கு வருஷம் சிவந்துகொண்டே போவார்கள். படம் எதுவும் கிடையாது. வாசலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நிறம் எடுத்தால் அது நிறமே இல்லை.

அப்போது நான் சொன்னேன். "இன்னாத்துக்கு ஞாபகப்படுத்திகினு கீறீங்க? ஆளு எதிர்லயே கீது. கையப் புடிச்சிப் பாத்தா தெரியாதா?"

"டேய், தொடாதடா!" என்று அம்மா கத்தினாள். அதற்குள் நான் போய்விட்டேன். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் எனக்குப் பயம் இரண்டாவதுதான்.

"கையத் திருப்பு" என்றேன். அவள் திருப்பினாள்.

கை கிணற்றுப் படிக்கல் மாதிரி இருந்தது. குளிர் என் விரலில் ஏறி முழங்கை வரைக்கும் வந்தது. பாசி வாசனை அடித்தது. மூட்டை தூக்கிய அந்தக் காலத்திலேயே நிறைய மணிக்கட்டு பிடித்தவன் நான். கட்டைவிரலை வைத்தால் அடியில் குருவி மாதிரி துடிக்கும். அந்தக் கையில் துடிப்பு இல்லை. அழுத்திப் பார்த்தேன். இல்லை.

அவளைக் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தேன். பச்சையைப் போட்டேன், கை சேறாகத் தெரிந்தது. மயில்கழுத்து, இன்னும் மோசம். மாமா தைரியம் வந்து ஒரு ரோஸை நீட்டினார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அதைக் கீழே போட்டுவிட்டார். மூட்டையின் அடியில் ஒரு அரக்குப் புடவை கிடந்தது. கடுகு நிறக் கரை, கெட்டி நெசவு. போன மாதம் அத்தையே நெய்தது. அவள் பாவின்மேல் கையை வைத்து முறுக்கு பார்க்கும்போது, அந்த நூலுக்குப் பக்கத்தில் அவள் கறுத்த கை செம்பு ஓடினது மாதிரி மின்னியதை நான் பார்த்திருக்கிறேன். அதை எடுத்து மணிக்கட்டின்மேல் போட்டுக் கட்டைவிரலை வைத்தேன்.

கை நிறம் எழுந்தது. அந்தத் தண்ணீர்ப்பால் வெளிச்சத்திலும் எழுந்தது. பிறகு என் விரலுக்கு அடியில், ரொம்ப ஆழத்திலிருந்து வருகிற மாதிரி, ஒன்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"இது" என்றேன்.

அவள் புடவையைப் பிடுங்கி ஈரத் துணிக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். தலையோடு போர்த்திக்கொண்டாள். முகத்தை அதில் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அரக்கப் போயி அந்த ஒடம்பு மேல..." என்று ஆரம்பித்தார். "ஒடம்பு யாருதுன்னு பாக்காதீங்க, உள்ள யாருன்னு பாருங்க" என்று பம்பைக்காரர் அதட்டினார். எல்லோரும் அந்த அரக்குப் புடவையின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். அவள் அக்காவின் தலையில் கையை வைத்து, "ஆங், கட்டிக்கோ" என்றாள். கீழே சரிந்தாள்.

கல்யாணம் நடந்தது. அவளாகக் கழற்றுகிற வரைக்கும் அந்தப் புடவையை யாரும் தொடக்கூடாது என்று பம்பைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தை அதை மார்கழி முழுக்கக் கழற்றவில்லை. தை பிறந்ததும் துவைத்து மடித்து வைத்தாள். அடுத்த ஐப்பசியில், முதல் குளிர் விழுந்த அன்று, கல்யாணம் எதுவும் இல்லாமலே சின்னத்தை மறுபடி இறங்கினாள். அதற்கடுத்த வருஷமும் இறங்கினாள். ஒரு வருஷம் கத்தரிப்பூ, ஒரு வருஷம் கடுகு, எல்லாம் கெட்டி நெசவு, எல்லாம் என் தேர்வு. "புடவ மேல இத்தினி ஆச கீற சாமிய நான் பாத்ததில்லடா" என்று மாமா சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒரு தெய்வத்துக்கே ஜவுளி எடுத்துக் கொடுக்கிற பையன் இந்தத் தாலுக்காவில் வேறு யார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கடை வைத்த பிறகு ஒரு மழைநாளில் வெளுத்த புடவைக்காரி ஒருத்தி வந்தாள். மருமகளுக்கு எடுக்க வந்தவள். மற்றவர்கள் மாடிக்குப் போனதும் ஒரு அரக்கை எடுத்துத் தன் மணிக்கட்டின்மேல் போட்டுப் பார்த்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று மடித்து வைத்துவிட்டாள். நான் கையில் எடுத்த முழக்கோலோடு அப்படியே நின்றேன். பத்து வயதில் நான் யாருக்கு நிறம் எடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தையிடம் கேட்கலாம் என்றால் அவள் இல்லை. கடுகுக் கரை போட்ட அதே அரக்கோடுதான் அவளை எடுத்துக்கொண்டு போனோம். சாமி புடவை, அவளோடேயே போகட்டும் என்று நைனா சொன்னார்.

சரி, சொட்டின தண்ணீர் தறிக்குழியில் ஊறினது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசி வாசனையும் குழியில் இருக்கும். கொக்கண்ணா என்ற பெயர் அவளுக்கும் தெரிந்திருக்கும். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கையை மட்டும் எனக்கு யாராவது விளக்க வேண்டும். ஆயுசு முழுக்க மணிக்கட்டு பிடித்தே மூன்று மாடி கட்டினவன் நான். துடிப்பில்லாத கையை அதற்கப்புறம் உயிரோடு இருக்கிற யாரிடமும் நான் பிடித்ததில்லை.

இப்போது அக்கா வீட்டுக் கல்யாணங்களில் பம்பைக்காரரின் மகன் வந்து வர்ணிக்கிறான். தாயே தன் கையால் அரக்குப் புடவையைச் சுட்டிக் காட்டி எடுத்துக்கொண்டாள் என்று பாடுகிறான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவள் சுட்டவில்லை. கையைத் திருப்பினாள், அவ்வளவுதான். அது சின்னத்தையோ, அத்தையோ, யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் புடவையை மூட்டை அடியிலிருந்து உருவி எடுத்துப் போட்டவன் நான். அடுத்த கல்யாணத்தில் வர்ணிப்பில் என் பெயர் வர வேண்டும். பாடுகிறவனிடம் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்களுக்கும் இதோ எழுதி வைக்கிறேன்.