மொட்டைமாடியில் லென்ஸ் பார்த்த ஞாயிறுகள்

சேலையூரில் நாங்கள் இருந்த வீட்டில் வசதி என்று சொல்ல மொட்டைமாடி ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் அப்போது தாழ்ந்த வீடுகள். கேம்ப் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்கும், பஸ் தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் ஒரு தென்னை, அதற்கும் பின்னால் துணி காயும் கொடிகள் என்று பார்வை போய்க்கொண்டே இருக்கும்.

அந்த மாடிக்காகவே என் நண்பன் ஞாயிறு காலையில் பம்மலிலிருந்து வந்துவிடுவான். என் அலுவலகத்தில் எனக்கு முன்பே சேர்ந்தவன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆனாலும் முதல் வாரத்திலேயே மச்சான், டேய் என்று ஆகிவிட்டது. இருவருக்கும் கேமரா பைத்தியம். நான் ஒரு லென்ஸ் வாங்கியிருந்தேன், அவன் ஒன்று வைத்திருந்தான். எது உசத்தி என்பதுதான் எங்கள் வழக்கு.

இரண்டுமே பிரைம் லென்ஸ்கள். அவற்றில் ஜூம் கிடையாது. ஆளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். அதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் திறப்பு நன்றாக அகலும். வெளிச்சம் தாராளமாக வரும், முகம் மட்டும் துல்லியமாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். என்னுடையது ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கும். அவனுடையது ஒன்று புள்ளி நான்கு. எண் சிறுத்தால் திறப்பு பெருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மின்சார ரயிலில் கிண்டி வரை நாங்கள் கத்திய கத்தலுக்கு, எதிர் சீட்டுக்காரர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

முதல் ஞாயிறு, துவைக்கிற கல்லின் மேல் ஒரு சிவப்பு பக்கெட்டை வைத்துத்தான் சோதித்தோம். ஒரே கேமரா, ஒரே முக்காலி, லென்ஸை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டோம். நண்பனுக்குத் திருப்தி இல்லை.

"பக்கெட்டுக்குக் கண்ணு ஏது மச்சான்? கண்ணுல ஃபோகஸ் வெச்சாதான் லென்ஸ் இன்னா பண்ணுதுன்னு தெரியும். மூஞ்சி வோணும்."

"நான் உக்காரட்டுமா?"

"உன் மூஞ்சிய எடுத்தா லென்ஸ் மேலயே சந்தேகம் வந்துரும்."

அப்போதுதான் அக்கா ஈரத் துணியோடு மேலே வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். கம்பெனி பஸ் விடியற்காலையில் கேம்ப் ரோட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும், படப்பை நெரிசலில் சிக்கி இருட்டுகிற நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும். வீட்டில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் பட்டுப்புடவையோடு எடுத்த படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றி வந்தது. மோவாயைக் கொஞ்சம் இறக்கு, லேசாகச் சிரி என்று யாராவது சொன்னால் அக்காவின் முகம் பூட்டிக்கொள்ளும். அந்தப் படத்திலும் அப்படித்தான், அடையாள அட்டைக்கு எடுத்தது போல இருந்தாள். வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டார், போட்டோவும் பெண்ணும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து கேமராவைப் பார்த்தாலே நகர்ந்துவிடுவாள்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் உக்காரேன். உன்னை எடுக்கல, லென்ஸைத்தான் டெஸ்ட் பண்றோம்," என்றேன்.

"அதுக்கு நான் எதுக்கு?"

நண்பன் குறுக்கே வந்தான். "ஏங்க, நீங்க சும்மா உங்க வேலையப் பாருங்க. பக்கெட்டு மாதிரி நெனச்சுக்குறோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியைக் காயப்போட்டுவிட்டுக் கீழேயிருந்து முறத்தைக் கொண்டுவந்தாள். பக்கெட்டை நகர்த்திவிட்டு அதே கல்லில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். தன்னை யாரும் படம் எடுக்கவில்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

கீழே போய்க் கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுடைய ஒன்று புள்ளி நான்கில் தண்ணீர்த் தொட்டியே காணாமல் போயிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு மெல்லிய புகை படிந்தது போல இருந்தது. மூக்குத்தியைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கசிவு. என்னுடையது கொஞ்சம் கறார், இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. நான் குதித்தேன். அவன், மென்மைதான் அழகு என்று வாதாடினான். பின்னால் நின்றிருந்த அக்கா சொன்னாள்:

"ரெண்டுலயும் இடது கண்ணுதான் சரியா இருக்கு. வலது கண்ணு எங்க போச்சு?"

தொழிற்சாலைக் கண். அவ்வளவு திறந்து எடுத்தால் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவிலேயே ஃபோகஸ் முடிந்துவிடும் என்று விளக்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை அழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு சோதனை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நண்பன் தன் வீட்டு சீரியல் செட்டை மடித்துக் கொண்டுவந்தான். பொழுது சாயும்போது அதைக் கொடியில் தொங்கவிட்டு, அக்காவை முன்னால் உட்கார வைத்தோம். பின்னால் இருந்த பல்புகள் வட்ட வட்டமாக, நாணயங்களைப் போலப் பூத்தன. திறப்பைக் கொஞ்சம் குறைத்தால் என் லென்ஸில் அதே வட்டங்கள் ஐங்கோணமாகிவிடும், அவனுடையதில் வட்டமாகவே நிற்கும். அன்றைக்கு அவன் கட்சி ஜெயித்தது.

இன்னொரு முறை எங்கிருந்தோ, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிவந்தான். ஆள் முழுதாக ஃப்ரேமில் அடங்க வேண்டுமானால் மாடியின் அந்தக் கோடி வரை பின்னால் போக வேண்டும். அங்கிருந்து அவன் கத்த, இங்கிருந்து அக்கா பதிலுக்குக் கத்த, நடுவில் விமானம் ஒன்று தாழப் பறந்து இருவரையும் நிறுத்தியது. படத்தைப் பார்த்ததும் நானும் அவனும் திரையோடு ஒட்டிக்கொண்டோம். அப்படி ஒரு பின்னணி, வெண்ணெய் தடவியது போல.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "தென்னை மரம், கொடி, தொட்டி எல்லாம் சேர்ந்து பாயசம் மாதிரி ஆயிடுச்சு. நான் எங்க உக்காந்திருக்கேன்னே தெரியல. நம்ம மாடின்னு தெரிய வேணாமா?"

அடுத்த வாரத்திலிருந்து நண்பன் திறப்பைக் குறைத்து நான்கில் வைத்து எடுக்க ஆரம்பித்தான். தென்னை தென்னையாகவும் கொடி கொடியாகவும் லேசாகத் தெரியும் அளவுக்கு. எனக்கு எரிச்சல். "ஒண்ணு புள்ளி நாலு லென்ஸை வெச்சுக்கிட்டு நாலுல எடுக்கறதுக்கு எதுக்குடா அந்த லென்ஸு?" என்றேன்.

"அவங்களுக்குப் பின்னாடி இருக்கறது தெரியணும்னாங்கல்ல," என்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மாதிரிப் படங்களைப் பிரித்து வைப்பதற்காக அவன் எடுத்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சோதனை என்றால் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும்: லென்ஸ், திறப்பு, தூரம். அந்த வரிசையில் எதுவுமே மாறவில்லை. அதே லென்ஸ், அதே நான்கு, அதே தூரம். அக்கா குனிகிறாள், நிமிர்கிறாள், காக்கையை விரட்டுகிறாள், எதற்கோ பல் தெரியச் சிரிக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவனையும் தாம்பரம் வரை கூட்டிவந்து, நடைமேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"என்னடா டெஸ்ட் இது?"

மச்சான் என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தச் சொல் அவனுக்கே திடீரென்று கனத்துவிட்டது. "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரில. அவங்களாண்ட கேட்டுட்டேன். என் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்கன்னாங்க."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் மறைத்தார்களே என்கிற வருத்தம்தான் வந்தது. இருவரும் படியிறங்கி வெளியே வந்து, ஆளுக்கொரு டீ குடித்தோம்.

வீட்டில் எளிதாக முடியவில்லை. அவன் கிறிஸ்தவன். அப்பா ஒரே சொல்தான் சொன்னார்: "வேணாம்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அம்மா அழுதாள், விரதம் இருந்தாள். ஒரு மதியம், அப்பா இல்லாத நேரத்தில், "அந்தப் படத்தையெல்லாம் காட்டு," என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"இப்படிச் சிரிப்பாளா இவ?" என்றாள் கடைசியில். "நம்ம வீட்லதானே இருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே."

அதற்குப் பிறகு அவள் எதிர்க்கவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அப்பா வரவில்லை. படம் எடுப்பது என் பொறுப்பு. அந்த அறையில்தான் பிரைம் லென்ஸின் லட்சணம் எனக்கு முழுதாகப் புரிந்தது. பின்னால் நகர இடமே இல்லை, முதுகில் இரும்பு பீரோ இடிக்கிறது. அக்கா வந்தால் அம்மா பாதி வெட்டுப்படுகிறாள், மாப்பிள்ளையின் அம்மா வந்தால் மாப்பிள்ளை போய்விடுகிறான். எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஒரே படம், அங்கே இருந்த ஊழியர் ஒருவர் என் அவதியைப் பார்த்துத் தன் போனில் எடுத்து அனுப்பியது.

ஆடி முடிந்த சமயம், அப்பா யாரிடமும் சொல்லாமல் பம்மலுக்குப் போனார். ஷேர் ஆட்டோவில் இறங்கி, தெருத்தெருவாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். நண்பன்தான் கதவைத் திறந்தானாம்.

"உள்ள வாங்க மாமா."

"தண்ணி குடு. வெயில் ஜாஸ்தி," என்றாராம் அப்பா. மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மாலையில்தான் வீடு திரும்பினார். அம்மா எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

இப்போது அக்காவும் அவனும் படப்பையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாடியில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு சுவர். அந்த ஒன்று புள்ளி நான்கு லென்ஸில் சென்னை ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்து, கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் படர்ந்திருக்கிறது. போனில் பொத்தானைத் தட்டினால் பின்னணி மங்கிவிடுகிறது, காது மடலையும் கொஞ்சம் சேர்த்து மங்கடித்துவிட்டு.

நல்ல லென்ஸ் இன்று என்னால் வாங்க முடியும். ஆனால் மனசு தேடுவது அந்தக் கம்ப்யூட்டர் மேசையைத்தான். மின்விசிறி கிரீச்சிட, ஒரே நாற்காலியில் நான், கட்டில் விளிம்பில் அவன், கையில் வெங்காய வாசனையோடு பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் அக்கா. யாரும் யார் சொல்வதையும் ஒப்புக்கொள்ள மாட்டோம். சாப்பாடு ஆறிவிட்டது என்று அம்மா கோபமாகக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்போம்.