வயிற்றுப் பிள்ளையின் மேல் போட்ட பழி

அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது கல்யாணத்துக்கு முந்தியே. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்து மாதக் கர்ப்பத்தில் அது கொஞ்சம் பருத்தது. உடனே பழி முழுவதும் பிள்ளையின் மேல் விழுந்தது. தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கலைத்தால்தான் பெண் பிழைப்பாள் என்று மச்சானிடம் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை. லயத்து வரிசை வீடுகளில் அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் சிங்களவர், தமிழ் தெரியாது. முடிவு கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். கொட்டகலையில் பஸ் ஏறியதிலிருந்து அக்காவின் மாமியார் எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தாள்: டாக்டர் என்ன சொன்னாலும் சரி, பிள்ளையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டு, "நீ என்னக்கா கேக்கணும்?" என்றேன்.

முந்தானையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்தப் புள்ள இருக்கறதால நான் சீக்கிரம் செத்துருவேனான்னு கேளு."

டாக்டர் அவளையே பார்த்துப் பதில் சொன்னார். இது மெதுவாக வளரும் வகை. அவர் பார்த்தவர்களில் யாருக்கும் கர்ப்பத்தால் இது மோசமானதில்லை. பிள்ளையைக் கலைப்பதால் குணமாகப் போவதும் இல்லை. மாதாமாதம் வந்து காட்டினால் போதும், பிள்ளை பிறந்தபின் அறுத்து எடுக்கலாம். ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன்.

வெளியே வந்ததும் மாமியார், கூட வந்திருந்த மச்சானிடம், "அக்காளுக்காக மாத்திச் சொல்றா. இவ படிச்சதே பொய் சொல்லத்தான்" என்றாள். காலையில் இதே படிப்பை நம்பித்தான் என்னைக் கூட்டிவந்தாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே மாமியார் கலைப்பதற்குக் கசாயம் காய்ச்சினாள். அக்கா அதைக் கையில் வாங்கி, அவள் பார்க்கவே வாசல் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. பிறகு கட்டியை எடுத்தார்கள். அக்கா தேறி வந்தாள். ஒருநாள் மாமியார் பார்க்க வந்தாள். பேத்தி பிறந்த நேரம், கட்டியே போய்விட்டதாம். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒங்க கசாயத்தக் குடிச்சிருந்தா பேத்தி ஏது அத்த?" என்றேன்.

அவள் பிள்ளைக்காகக் கையை நீட்டினாள். என் மடியில் இருந்த பிள்ளையை நான் கொடுக்கவில்லை. அக்காதான் எழுந்து வந்து வாங்கி அவளிடம் கொடுத்தாள். அதற்காக அக்கா மீதும் எனக்குக் கோபம் உண்டு.