தொடை ஆணியும் என் சிரிப்பும்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் எலும்பு முறிவுப் பிரிவில் உதவி மருத்துவராக இருந்தேன். பிரான்சில் ஓராண்டு விபத்து அறுவைப் பயிற்சிக்கான விண்ணப்பம் என் கையில் இருந்தது. அதில் ஒரு கட்டம்: தன் கையால் செய்த தொடை எலும்பு அறுவைகள் எத்தனை? குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். படித்த இடத்தில் நான்கு செய்திருந்தேன். காரைக்காலில் அந்த ஐந்தாவது மட்டும் சிக்கவில்லை.

தொடை உடைந்து வருகிறவர்களை இன்று பார்த்து அறுவைக்கு நாள் குறித்தால், நாளை கட்டில் காலியாக இருக்கும். மூன்று பேர் இப்படிப் போனார்கள். எல்லாரும் நாட்டு வைத்தியரிடம் போனதாகக் கேள்வி. எனக்குள் இருந்த துப்பறிவாளன் விழித்துக்கொண்டான்.

முதல் சந்தேகம் வார்டு ஊழியர் மேல். "நாட்டு வைத்தியர்கிட்ட ஆள் அனுப்புறது நீங்கதானே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், என்னால என் மாமியாரையே ஊருக்கு அனுப்ப முடியல."

அடுத்தது பெரிய டாக்டர். நான் பிரான்ஸ் போனால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி அவர் தலையில்தானே விழும்? அவர் என்னிடம் அன்பாகப் பேசியதுகூட எனக்கு ஆதாரமாகத் தெரிந்தது.

விண்ணப்பம் அனுப்ப ஒரு வாரமே இருந்தபோது, படகைக் கரையேற்றுகையில் தொடை உடைந்து வந்த கிளிஞ்சல்மேட்டு மீனவரும் மறைந்தார். பஸ் பிடித்து அம்பகரத்தூர்ப் பக்கம் இருந்த நாட்டு வைத்தியர் வீட்டுக்கே போய்விட்டேன். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக் கட்டுமாக மீனவர் அங்கே படுத்திருந்தார்.

"உங்களை இங்க அனுப்பிச்சது யாரு? பயப்படாம சொல்லுங்க."

"நீங்கதாங்க."

"நானா?"

"முழ நீளத்துக்கு ஒரு இரும்பைத் துணியில சுத்திக்கிட்டு வந்து, இதைத்தான் எலும்புக்குள்ள அடிக்கப் போறோம்னு சிரிச்சீங்களே! சுத்தியலு வேற. பக்கத்துக் கட்டில்காரரு அப்பவே சொன்னாரு, இந்த ஆளு பார்வையே சரியில்லன்னு."

நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று படித்திருந்தேன். சுத்தியலைக் காட்டிச் சிரிப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கெஞ்சினேன். நாட்டு வைத்தியரே, "தொடைக்கு என் கட்டு நிக்காதுங்க, இவரோட போங்க" என்றார். மீனவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: "பெரிய டாக்டருதான் செய்யணும். நீங்க பக்கத்துல நின்னுக்குங்க. சிரிக்கக் கூடாது."

அப்படியே நடந்தது. பெரிய டாக்டர் ஆணியை அடித்தார். நான் காலைத் தாங்கிப் பிடித்தபடி, முகத்துணிக்குள்ளும் சிரிக்காமல் நின்றேன்.

கட்டத்தில் நான்கு என்றே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. தபால்காரர் மேல் எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.