நெனிதா கேட்ட நாலாவது கேள்வி

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப்புலத்தில் நெனிதா பால்மாரிஸ் பத்தொன்பது வருஷமாக எழுத்தர். அக்கா முறை வைத்து எல்லோருக்கும் அவர் 'மனாங்' நெனிதா. வேலைப் பட்டியலில் இல்லாத ஒரு வேலையும் அவர் தலையில் இருந்தது: கேள்வி எழுதுவது.

சொற்பொழிவு முடிந்து "கேள்விகள் உண்டா?" என்றதும் அரங்கம் மயானம் போல் கிடந்தால் புலத்தின் இயக்குநர் டாக்டர் எஸ்பினோவுக்குப் பொறுக்காது. ஆகவே நெனிதா மூன்று சீட்டு எழுதி, வருகைப் பதிவுக்காக வந்து தூங்கும் மாணவர்களில் மூன்று பேரை எழுப்பிக் கையில் திணிப்பார். உரையை அவர் கேட்பதில்லை. "நம்மைப் போன்ற சிறு நகரத்தாருக்கு உங்கள் ஆய்வு என்ன சொல்கிறது?" என்ற கேள்வி, தேவாலய மணி பற்றிய உரைக்கும் பொருந்தும், சேவற்சண்டை பற்றிய உரைக்கும் பொருந்தும். எந்த அறிஞரும் குறை சொன்னதில்லை.

ஒரு ஆகஸ்டில் மணிலாவிலிருந்து டாக்டர் மெல்கார் என்ற அம்மையார், உப்புக் காய்ச்சும் பெண்களின் மௌனம் பற்றிப் பேச வந்தார். அன்று காலை புயல் எச்சரிக்கை, வகுப்புகள் ரத்து. அறுபது பொட்டலம் பன்சித் நூடுல்ஸ் வந்துவிட்டது, தின்ன ஆளில்லை.

எஸ்பினோ போனில் சொன்னார்: "கூட்டத்த நடத்திடு நெனிதா. ரிப்போர்ட்டுக்குப் போட்டோ வேணும். எங்க தெருவுல முழங்கால் தண்ணி, நான் வர முடியாது."

"நானும் காவலாளி டோமிங்கும்தான் சார் இருக்கோம்."

"கிட்டக்க நின்னு எடு. கூட்டம் மாதிரி தெரியும்."

மெல்கார் தலை நிமிராமல் ஐம்பது நிமிஷம் வாசித்தார். டோமிங் ஐந்தாவது நிமிஷமே தூங்கிப்போனார். கேள்வி நேரம் வந்ததும், சீட்டைக் கொடுக்க ஆளில்லாமல் நெனிதாவே எழுந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதைப் படித்ததும் மெல்கார் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனாங், ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்தப்ப ஒரு பொண்ணு இதையேதான் கேட்டா. அச்சு அசலா."

நெனிதாவுக்கு முகம் சிவந்தது. "அதுவும் நான் எழுதிக் குடுத்ததுதான் மேம்."

மெல்கார் கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்தார். "சரி, சீட்டத் தூக்கிப் போடுங்க. உங்களுக்கா ஏதாச்சும் கேக்கணுமா?"

பத்தொன்பது வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"எங்கம்மா மியாகாவ் கரையில உப்புக் காச்சினவ மேம். ஒரு நாள்கூட வாய மூடினதில்ல. நீங்க சொல்ற மௌனம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான் பாத்த பழைய வரிக் காகிதங்கள்ல அவங்க பேசவே இல்லையே."

"அத எழுதினவன் யாரு? வரி கேட்டு வந்தவன். அவன் முன்னாடி எவ வாயத் தொறப்பா? அவன் அந்தாண்ட போனதும் கேட்டிருக்கணும்."

"போனதும் என்ன சொல்வாங்க?"

நெனிதா சுவரில் இருந்த பேராயர் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, வரி வசூல்காரனின் கால்சட்டையைப் பற்றி அம்மா சொல்லும் வசவு இரண்டை எடுத்து விட்டார். டோமிங் விழித்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு வசவா? எங்க ஊர்ல சொல்றதக் கேளுங்க," என்று மூன்றாவதைச் சொன்னார். அதைக் கேட்டு நெனிதாவே சிலுவை போட்டுக்கொண்டார். மெல்கார் தன் கட்டுரைத் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். மழை விடும்வரை மூவரும் ஆளுக்கு இரண்டு பொட்டலம் பன்சித் தின்றார்கள்.

'உயிரோட்டமான விவாதம் நடந்தது' என்று எஸ்பினோ வழக்கம்போல் அறிக்கை எழுதினார். அதன் பிறகு நெனிதா முழு உரையையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதினார். கேள்வி நேரம் வந்தாலே பேச வருகிறவர்கள் அடிக்கடி தண்ணீர் கேட்கிறார்கள் என்று எஸ்பினோவுக்குக் கவலை.

அடுத்த வருஷம் மெல்காரின் கட்டுரை அச்சில் வந்தது. தலைப்பில் மௌனத்தைக் காணோம், வசவு ஏறியிருந்தது. அடிக்குறிப்பில் நன்றி: 'நெனிதா பால்மாரிஸ் (காவலாளி), டோமிங் (எழுத்தர்).' நெனிதா திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் போட்டார். டோமிங் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வாசல் காவல் கூண்டில் ஒட்டி, அதற்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.